கவனமாய் இரு பிள்ளை

பிழையான மருத்துவக் குறிப்பைக் கைத்தொலைபேசி வழியே பரப்புகிறவர்களில் பெரும்பாலானோர் எவரையும் ஏமாற்ற எண்ணுவதில்லை. அந்தக் குறிப்பை அவர்கள் எழுதுவதும் இல்லை. எங்கிருந்தோ வந்ததை இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளும்போது சிலவேளை தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்க்கிறார்கள். மெய்யா பொய்யா என்று பிறகு பரிசோதிக்கப்படுவது குறிப்பு மட்டுந்தான். சேர்த்த வரி கணக்கில் வருவதில்லை.

ஒரு மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்படி ஒரு வரி வந்து சேர்ந்தது. விஞ்ஞான ஆசிரியை ஒருவரின் எட்டு வயது மகன் டெங்குக் காய்ச்சலோடு வைத்தியசாலையில் இருந்தான். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பின்னேரம் இரண்டு மணிக்குக் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பப்பாசி இலையை இடித்துப் பிழிந்து குடித்தால் டெங்கு இரண்டே நாளில் ஓடிவிடும்; வைத்தியசாலைகள் இதை மறைக்கின்றன; உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பலமுறை கைமாறிய செய்தி என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் தலையில் இருந்தது. அதற்குக் கீழே, தனியாக, பெரியம்மா தட்டியெழுதிய மூன்று சொற்கள்: "கவனமாய் இரு பிள்ளை."

ஆசிரியை பதில் எழுதினார்: "இது பிழையான தகவல் பெரியம்மா. விசாரிக்காமல் இப்பிடி அனுப்பாதேங்கோ." சற்று நேரத்தில் "சரி பிள்ளை" என்று வந்தது. மூன்று நாளில் மகன் வீடு திரும்பினான். அதுவரை நாள்தோறும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மாவிடமிருந்து அதன் பிறகு எதுவுமே வரவில்லை. பதிலில் பிழை இல்லை. ஆனாலும் அந்தப் பதில் எதைத் திருத்தியது, எதைத் திருப்பி அனுப்பியது என்ற கேள்வி ஆசிரியையின் மனத்தை விட்டுப் போகவில்லை.

முதலில் குறிப்பைப் பார்க்கலாம். பப்பாசி இலை இந்த நோயோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. டெங்குவில் குருதியிலுள்ள சிறுதட்டுக்களின் எண்ணிக்கை, பிளேட்லெட் என்று எல்லோரும் சொல்வது, மூன்றாம் நான்காம் நாள்களில் மளமளவென்று விழும். பெரும்பாலானோருக்கு ஒரு வாரம் ஆவதற்குள் அது தானாகவே ஏறத் தொடங்கும். எண்ணிக்கை ஆகக் கீழே கிடக்கும் நாளில்தான் வீட்டார் பயந்து சாறு பிழிகிறார்கள். அடுத்த நாள் அது ஏறினால் புகழ் இலைக்குப் போகிறது. முறையான கவனிப்புக் கிடைத்தால் டெங்குவில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. அப்படியென்றால், சாறு குடித்த நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் இலைக்குச் சாட்சி சொல்ல எழுந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை: குடித்தார்கள், பிழைத்தார்கள். ஒன்றினால்தான் மற்றது நடந்தது என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. சில சிறிய ஆய்வுகளில் தட்டுக்கள் சற்று முன்னதாக ஏறியதாகப் பதிவு உண்டு. சாறு உயிரைக் காக்கும் என்பது நிறுவப்படவில்லை. தட்டுக்களின் எண்ணிக்கையைவிட, குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதே டெங்குவில் உயிரைப் பறிப்பது. அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. இலையை நம்பி வீட்டில் தங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அங்கேதான் விலையாகிறது.

இவ்வளவும் அந்த ஆசிரியைக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கவும் முடியும். தெரியாமல் கிடந்தது வேறொன்று. யாழ்ப்பாணத்தில் பின்னேரம் இரண்டு மணி என்றால் டிசம்பரில் ரொறன்ரோவில் விடியப்புறம் மூன்றரை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் அந்நேரம் விழித்திருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தக் கணக்கு ஆசிரியைக்குப் பல வாரங்கள் கழித்தே பிடிபட்டது.

மூன்று சொற்களின் வேரைத் தேடினால் 1990க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மருந்து, எரிபொருள், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அகப்பட்டன. பற்றரி இல்லாத ஊர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தது. கொக்குவிலில் பெரியம்மா வீட்டு முற்றத்திலும் அப்படி ஒரு சைக்கிள் இருந்தது. பிள்ளைகள் மாறி மாறிச் சுற்றுவார்கள். சுற்றுகிற கை சோர்ந்தால் லண்டனிலிருந்து வந்த தமிழோசையின் குரல் சோரும். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் இழுத்து இழுத்துப் பேசும். ஆசிரியைக்கு அப்போது ஏழு வயது. சுற்றியதே ஒழிய, என்ன சொன்னார்கள் என்று கேட்டதில்லை. கேட்டவர் பெரியம்மா. செய்தி முடிந்ததும் அவர் எழும்பி வேலியோரம் போவார். கதியாலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காத்திருப்பாள். அங்கிருந்து அடுத்த வளவு, அதற்கடுத்தது ஒழுங்கை முடக்கு. கால் மணித்தியாலத்தில் வானொலி இல்லாத பத்து வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும்.

அந்தச் செய்திகளோடு மருந்தும் போனது. எந்த மருந்துக்கடையில் பனடோல் வந்திருக்கிறது, எந்தக் கிணற்றுக்கு மருந்து போட்டிருக்கிறார்கள், வயிற்றோட்டத்துக்கு எதை அவித்துக் குடிக்கலாம் என்பதெல்லாம் வேலிக்கு மேலால் கைமாறின. அவற்றில் பிழையும் இருந்திருக்கும். இருந்தும் எவரும் அதை வேலிக்கு மேலால் திருப்பி எறியவில்லை. கேள்விப்பட்டதைத் தனக்குள் வைத்துக்கொண்டவளைத்தான் ஊர் குறை சொன்னது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தப் பழக்கம் தன் உச்சத்தைக் கண்டது. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கேட்டவர்கள் கேளாதவர்களுக்குச் சொன்னார்கள். அன்றிரவு இலட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பெரியம்மா பதினொரு படலைகளைத் தட்டிவிட்டுத்தான் தன் பெட்டியைத் தூக்கினார் என்பது குடும்பத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. அந்த இரவில், சொன்னவளைப் பார்த்து "ஆதாரம் என்ன" என்று யாரும் கேட்கவில்லை. செய்தி பொய்யானால் ஒருநாள் அலைச்சல். மெய்யாகி, சொல்லாமலும் விட்டிருந்தால் அதற்குக் கணக்கே இல்லை. முதலில் சொல், பிறகு விசாரி என்ற ஒழுங்கு இந்தத் தராசில்தான் பிறந்தது. அது அறியாமையில் பிறந்த பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் அது உயிர்களைக் காத்தது. காலம் போய்விட்டது, தட்டிய கை அப்படியே இருக்கிறது. கைக்கு இப்போது படலைகள் இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பு என்று சொல்லும் ஒரு திரைதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் செய்திக்குப் பெயர் புதினம். "என்ன புதினம்?" என்றுதான் சந்திப்பவர்கள் தொடங்குவார்கள். புதிதாக இருக்கவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மெய்யாக இருக்கவேண்டும் என்பது அதற்குள் இல்லை. 2018இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வொன்று, 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்தது. மெய்யைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல் என்று கண்டது. பொய்யை வேகமாக ஓடவைத்தது இயந்திரக் கணக்குகள் என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். ஓடவைத்தவர்கள் மனிதர்களே என்பதும், பொய்யில் புதுமை அதிகம் என்பதும் அந்த ஆய்வின் முடிவுகள். கதியாலுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவளுக்கு இது புதினமாக இருந்திராது.

ஆனால் புதுமை மட்டும் ஒருவரை விடியப்புறம் மூன்றரைக்கு விழிக்கவைக்காது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்து உளவியல் பாடம் ஒன்று ஆசிரியைக்கு அரைகுறையாக நினைவிருந்தது. எங்கோ பூமி அதிர்ந்ததும், அதைப் பற்றிய வதந்திகளும், பயப்படத் தேவையில்லாதவர்கள்தான் பயந்தார்கள் என்ற ஒரு வசனமும். பாடக்கொப்பி 1995க்குப் பிந்தியது. ஆனாலும் எங்கோ தொலைந்துவிட்டது. அவர் நினைவிலிருந்து நழுவியது பீகாரில் நடந்தது. 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதைத் தொடர்ந்த வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டி 1935இல் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத இடங்களில் உலவியவை அவை. இன்னும் பெரியது வரப்போகிறது, இன்ன நாளில் அழிவு நிச்சயம் என்றெல்லாம் அவை பேசின. ஏற்கெனவே அரண்டிருக்கும் மக்கள் ஏன் மேலும் அரளவைக்கும் கதைகளை விரும்பிப் பரப்ப வேண்டும்? இந்தப் புதிர் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரை வெகுவாக ஈர்த்தது. 1957இல் வந்த அவருடைய நூலில் விடை இருக்கிறது. அந்த மக்களின் உடலில் பயம் இருந்தது. கண்முன்னே அதற்கு ஏற்ற காரணம் இல்லை. வதந்தி பயத்தை உண்டாக்கவில்லை. இருந்த பயத்துக்குக் காரணம் கொடுத்தது. டார்ஜிலிங்கில் மண்சரிவைக் கண்ணால் கண்டு சேதப்பட்டவர்களிடம் உளவியலாளர் துர்கானந்த் சின்ஹா விசாரித்தபோது அத்தகைய மிகைக் கதைகள் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் செய்வதற்கு வேலை இருந்தது.

இந்தப் பாடத்தை ஸ்காபரோவுக்கும் கொக்குவிலுக்கும் இடையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிகிறது. பிள்ளையின் கட்டிலருகே இருந்த தாய்க்குச் செய்வதற்கு வேலை இருந்தது: எவ்வளவு குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனது என்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொப்பியில் எழுதவேண்டும். பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கைக்கு எட்டியது ஒரு பப்பாசி இலை. புலம்பெயர்ந்தவர்களின் குழுக்களிலிருந்து ஊருக்கு எச்சரிக்கைகள் ஏன் இத்தனை வருகின்றன என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தூரத்தில் இருப்பவரின் பாசத்துக்குக் கைகள் இல்லை. காசு அனுப்புவது ஒரு கை. செய்தி அனுப்புவது இன்னொன்று.

பயத்துக்கு ஊரிலும் பஞ்சமில்லை. 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, வடமராட்சிப் பக்கம் காய்ச்சலால் மரணங்கள் நிகழ்ந்தன. என்ன நோய் என்று தெரியாத சில நாள்களில் அதற்கு "மர்மக் காய்ச்சல்" என்று பெயர் விழுந்தது. பிறகு பரிசோதனைகள் அதை எலிக்காய்ச்சல் என்று காட்டின. வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்டது. விளக்கம் வராத அந்தச் சில நாள்கள்தான் வதந்தியின் விளைநிலம். வதந்தியின் பலம் விடயத்தின் முக்கியத்துவமும் தெளிவின்மையும் பெருகிய அளவு என்று உளவியலாளர்கள் ஓல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் எழுதினார்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் வதந்தி இல்லை. பிள்ளையின் காய்ச்சலின் முக்கியத்துவத்தை எவராலும் பூச்சியமாக்க முடியாது. குறைக்கக்கூடியது தெளிவின்மை ஒன்றுதான். அதற்குச் சொல்ல வேண்டியவர்கள் நேரத்துக்கு, தமிழில், முழுவதையும் சொல்லவேண்டும்.

சொன்னாலும் நம்புவார்களா என்பது அடுத்த கேள்வி. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருக்கிறது என்று மக்கள் முறையிட்டபோது ஒரு பரிசோதனை உண்டு என்றது. இன்னொன்று அபாயமில்லை என்றது. நிலத்தடி நீர் மாசுபட்டதற்காக மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாளியில் மிதந்த படலத்தைக் கண்ணால் கண்ட ஒருவருக்கு, அடுத்த முறை "பயப்படவேண்டாம்" என்று யார் சொன்னாலும் அது காதில் ஏற நேரம் எடுக்கும்.

கேகாலை ஹெட்டிமுல்லையில் 2020 டிசம்பரில் கண்டது இதன் மறுபக்கம். தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சிய பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார். காளி தேவி அருளிய முறை என்றார். ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரில் குவிந்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. வடக்கில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் போன்களிலும் அதே மாதங்களில் இஞ்சியும் மஞ்சளும் வேப்பிலையும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அமைச்சரே குடிக்கும்போது, ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பெரியம்மாவை எந்த வாயால் குறை சொல்வது?

நாட்டு வைத்தியத்தின் மேல் பழி போடுவதும் பொருந்தாது. பரராசசேகரம், செகராசசேகரம் என்று பெயர் பெற்ற வைத்திய நூல்கள் வழங்கிய மண் இது. பரியாரியார் நாடி பிடித்துப் பார்ப்பார். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். மருந்தைக் கொடுத்துவிட்டுப் பத்தியம் சொல்வார். பத்தியம் என்பது இந்த மருந்து இந்த உடம்புக்கு, இத்தனை நாளுக்கு என்று போடும் எல்லை. கைமாறி வரும் செய்தியில் மருந்து இருக்கிறது, பத்தியம் இல்லை. யாருக்கு, எந்த நாளில், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் முதல் கை மாறும்போதே உதிர்ந்துவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்து பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். தன் மொழியில் பேசும் வைத்தியரிடம் நோயாளி திருப்பிக் கேட்கலாம். வட்ஸ்அப் செய்தியிடம் எவரும் திருப்பிக் கேட்க முடியாது. அனுப்பியவரிடம் மட்டுந்தான் கேட்கலாம்.

ஓட்டத்தை மெதுவாக்கலாம். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது. அதன் பின் அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. கோர்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் முதலியோரின் ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. பகிரும் கணத்தில் பலர் மெய் பொய்யை நினைப்பதே இல்லை. "இது சரியா" என்று ஒரு சிறு கேள்வி முன்னால் வந்தால் பொய்யைப் பகிர்வது ஓரளவு குறைகிறது. கேட்டிருந்தால் பெரியம்மாவும் நிதானித்திருப்பாரோ என்னவோ. ஆனால் அந்த மூன்றரை மணிக்கு அவர் மனத்தில் இருந்த கேள்வி வேறு. இது சரியா என்று அவர் கேட்கவில்லை. பிள்ளை சுகமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி மூன்று சொற்களுக்குத் திரும்பலாம். செய்தி வந்த அன்று காலையில்தான் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிய ஆசிரியை, பின்னேரம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கவும் இருந்தார். இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கவேண்டும், இனித்தான் கவனம் தேவை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்று ஆசிரியைக்கு வந்த செய்தியில் இலையைப் பற்றிய வரிகள் பிழை. மறைக்கிறார்கள் என்ற வரி பொய். பத்துப் பேருக்கு அனுப்பு என்ற வரி வீண். வைத்தியர் சொன்னதோடு ஒத்துப்போனது கடைசி வரி மட்டுந்தான். அதற்குத்தான் பதில் போகவில்லை.

முதலில் "ஓம் பெரியம்மா, கவனமாய்த்தான் இருக்கிறம்" என்று எழுதிவிட்டு, பிறகு இலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி எழுதியிருந்தால் பெரியம்மா அந்தச் செய்தியை வேறெவருக்கும் அனுப்பாமல் விட்டிருப்பாரா, அல்லது அந்த அன்பான பதிலால் உற்சாகம் பெற்று மற்ற ஒன்பது பேருக்கும் அனுப்பியிருப்பாரா என்பதற்கு விடை இல்லை. கண்டிப்பு ஒரு வாயை அடைத்தது. பொய்யும் அதனால் அடைபட்டிருக்கலாம். அதோடு வேறொன்றும் அடைபட்டுவிட்டது. இரண்டில் எது பெரிது என்று நிறுக்கும் தராசு யாரிடமும் இல்லை.

ஐயத்துக்கு இடமில்லாதது ஒன்று உண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனமாய் இருக்கவேண்டிய நாள்.